காது கிழிந்த பெண் மானும் வாய் மூடாத நானும்

1

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை என் மகள் யாழினிக்குக் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். மண்டபம் பேசியாயிற்று, தாராபுரத்திலிருந்து பட்டுப் புடவைகள் வந்து இறங்கிவிட்டன, இங்கே அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் எங்களுக்குத் தெரிந்த அத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கும் சொல்லியாயிற்று. அந்தச் சனிக்கிழமை விடியும்போது நானும் அவளும் ஒரு சோயா வயலை ஒட்டிய காட்டில், இலைப்படம் அச்சடித்த துணிக் கூடாரத்துக்குள், வில்லும் அம்புமாக உட்கார்ந்திருந்தோம்.

கல்யாணம் ஆடியிலேயே நின்றுவிட்டது. நிறுத்தியவள் யாழினி. மாப்பிள்ளைப் பையன் கார்த்திக் சான்டா கிளாராவில் வேலை பார்ப்பவன். பார்க்க லட்சணம், பேச்சில் பணிவு, நாங்கள் தேடி எடுத்த இடமில்லை, அவளே பார்த்துச் சொன்னவன். "ஏன் கண்ணு?" என்று கேட்டதற்கு, "ஒத்து வராதும்மா" என்றாள். அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவாள். போனில் கேட்டால், "அம்மா, மீட்டிங் இருக்கு" என்பாள். ராத்திரி ஒன்பது மணிக்கும் மீட்டிங் இருக்கும். ஆடியிலிருந்து கார்த்திகை வரை என் மகள் கலந்துகொண்ட மீட்டிங்குகளுக்கு அந்தக் கம்பெனி அவளை முதலாளியாகவே ஆக்கியிருக்க வேண்டும்.

கல்யாண நாள் நெருங்க நெருங்க எனக்குப் பயம். அன்றைக்கு அவள் தன் அபார்ட்மென்டில் தனியாக இருக்கக் கூடாது என்று தோன்றியது. "வீட்டுக்கு வா கண்ணு, பாயசம் வெக்கறேன்" என்றேன். பாயசம் என்று ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"நான் அன்னிக்குக் காட்டுக்குப் போறேன்மா."

"அப்ப நானும் வர்றேன்."

அதற்கு அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். (அவளுடைய ஆங்கிலத்தை நான் தமிழில் எழுதுகிறேன், அவள் தமிழை அவள் பேசியபடியே.) "வரலாம். ஆனால் அங்கே பேசக் கூடாது. ஒரு வார்த்தை கூட."

2

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். இங்கே மான் என்பது வனவிலங்கு சரணாலயத்தில் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற சங்கதி இல்லை. நம் ஊர்த் தெருவில் மாடு எப்படியோ அப்படி. வாசலில் நிற்கும், கார் வந்தால் மெதுவாக நகரும், நகராமலும் இருக்கும். என் கணவர் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிற அவரைக்கொடியைக் காய்க்கிற வாரம் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போகும். விவசாயிகளுக்கு நஷ்டம், சாலையில் விபத்து, உண்ணிக்கடியால் காய்ச்சல். அதனால் சீசனில் லைசென்ஸ் எடுத்து வேட்டையாடலாம். வீடுகள் நெருங்கிய பகுதிகளில் துப்பாக்கியைவிட வில்லுக்குத்தான் மரியாதை.

யாழினி காலேஜில் வில்வித்தை கிளப்பில் சேர்ந்தாள். பலகையில் குறிபார்க்கிறாள், நல்ல பழக்கம் என்று நினைத்தோம். ஒருநாள் பலகையிலிருந்து மானுக்கு மாறிவிட்டாள். பாடம் படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கிவிட்டாள். எங்களுக்கு கிரீன் கார்டு வருவதற்குள் இவள் மழலையர் பள்ளியிலிருந்து ஹைஸ்கூலுக்குப் போய்விட்டாள். மான்மேல் அம்பு விடுவதற்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை போலிருக்கிறது. சும்மா கூட உட்காருகிறவருக்கு லைசென்ஸ் தேவையா என்று கேட்கச் சொன்னேன். போன் பண்ணிக் கேட்டாள். ஆயுதத்தைத் தொடாமல் சும்மா இருப்பதற்கு ஒன்றும் தேவையில்லை என்றார்களாம். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவர்களுக்குத் தெரியாது.

நான் ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் இருக்கிறேன். அங்கே ஒரு திங்கட்கிழமை, என் மகள் வாரக் கடைசியில் என்ன செய்கிறாள் என்று கேட்டார்கள். பெண் மானுக்கு இங்கே 'டோ' என்று பெயர். கொம்புள்ள கிடாவை விட்டுவிட்டு இவள் வயதான 'டோ' பின்னால்தான் அலைகிறாள் என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னேன். அதே ஓசையில் பணத்துக்கும் ஒரு கொச்சைச் சொல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு இரண்டு வாரம், கல்யாணம் நின்றதும் பணக்காரக் கிழவனைத் தேடுகிறாள் போலிருக்கிறது என்று பல் சுத்தம் பண்ணுகிற பெண்கள் என் மகளைப் பற்றிப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள்.

3

கல்யாண நாள் காலை கிளம்பும்போது என் கணவர் காப்பி டம்ளருடன் சமையலறை வாசலில் நின்றார்.

"ஏனம்மிணி, நல்ல நாளும் அதுவுமா அம்மாளும் மகளுமாச் சேந்து கொலை பண்ணப் போறீங்களா?"

"நீங்க ஞாயித்துக்கெழம திங்கற ஆடு தற்கொலையா பண்ணிக்கிச்சுங்க?"

அவர் காப்பியைக் குடித்தார்.

யாழினி என்னைத் தயார் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும்; கல்யாணத்துக்கு நான் அவளை அலங்கரித்திருந்தால்கூட அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டேன். தேங்காயெண்ணெய் கூடாது. வாசனை இல்லாத ஒரு சோப்பு கொடுத்து இரண்டு முறை குளிக்க வைத்தாள். விபூதி வேண்டாம் என்றாள், விட்டுக்கொடுத்தேன். வளையல் வேண்டாம் என்றாள், கழற்றினேன். கூடாரத்துக்குள் இருட்டோடு இருட்டாகத் தெரிய வேண்டும் என்று கறுப்புச் சட்டை, கறுப்புப் பேன்ட் நீட்டினாள். முகூர்த்த நாளில் பெண்ணைப் பெற்றவள் தலையிலிருந்து கால்வரை கறுப்பு. மணமேடையில் நிற்க வேண்டியவள், நெற்றியில் பொட்டுகூட இல்லாமல், காட்டில் ஒரு மடக்கு ஸ்டூலில்.

உட்கார்ந்ததும் அவள் ஒரு சின்னக் குப்பியை அழுத்தினாள். முகப் பவுடர் போல ஒரு துளி வெண்தூள் பறந்து, எங்கள் முகத்தை நோக்கி வந்தது. காற்று மானிடமிருந்து நமக்கு வர வேண்டும், நம்மிடமிருந்து மானுக்குப் போகக் கூடாது. தலையை ஆட்டினாள்: சரியாக இருக்கிறது.

முதலில் வந்தது ஒரு கிடா. கார்த்திகை மாதம் அவற்றுக்குக் காதல் மாதம். மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு, இடமும் பார்க்காமல் வலமும் பார்க்காமல், தலையில் அத்தனை பெரிய கொம்பை வைத்துக்கொண்டு எங்கள் எதிரிலேயே ஓடியது. யாழினி வில்லைத் தூக்கவே இல்லை. அவளுக்கு வேண்டியது அது இல்லை. தலைக்கொம்பைச் சுவரில் மாட்டுகிறவர்கள் எல்லாரும் கிடாவைத் தேடுகிறார்கள்; இந்த மாதத்தில் அதற்கு மூளை இருக்காது என்பது அவள் கட்சி. வயதான பெண் மான் வருஷம் முழுக்கத் தன் இடத்தை விட்டுப் போகாது. எந்தப் புதர் நேற்று இல்லை, எந்தக் கிளை இன்று புதிதாக முறிந்திருக்கிறது என்று அதற்குத் தெரியும். அதை அம்பு எட்டும் தூரத்துக்குள், அதாவது நம் மண்டபத்துப் பந்திக்கூடத்தின் அகலத்துக்குள், வரவழைப்பதுதான் பாடு என்பாள்.

வெயில் கொஞ்சம் ஏறியதும் அது வந்தது. இடது காது நுனி கிழிந்த, நெஞ்சு அகன்ற, சாம்பல் பூத்த பெண் மான். பின்னால் இரண்டு குட்டிகள், அந்த வருஷத்துப் பிள்ளைகள். நேராக வரவில்லை. வயலின் ஓரத்திலேயே நின்று மூக்கைத் தூக்கியது. ஒரு பக்கமாகச் சுற்றியது. மறுபடியும் நின்றது. குனிந்து தின்பதுபோல வாயைக் கீழே கொண்டுபோய், தின்னாமல், வெடுக்கென்று தலையைத் தூக்கிப் பார்த்தது. கரும்பலகைப் பக்கம் திரும்புவதுபோலத் திரும்பிப் பின்பெஞ்சைப் பிடிக்கிற எங்கள் பள்ளித் தலைமையாசிரியையின் அதே உத்தி. எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கியதில் மூக்கு வழியாக ஒரு சின்னச் சத்தம் வந்துவிட்டது.

அது எங்கள் கூடாரத்தையே பார்த்தது. முன்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு உதை. இன்னொரு உதை. பிறகு, விசில் தூக்கிய குக்கர் மாதிரி 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். வெள்ளை வால் கொடிபோல உயர்ந்தது. குட்டிகளும் அதுவும் காணாமல் போயின. காட்டில் அங்கங்கே நாங்கள் பார்த்திராத மான்களும் ஓடுகிற சத்தம் கேட்டது.

யாழினி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க ஹெச்.எம். மாதிரியே இருக்குது கண்ணு" என்றேன்.

அவள் கூடாரத்தை மடக்க ஆரம்பித்தாள். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவளே போன் செய்தாள். "அம்மா, நாளைக்கு ஹெச்.எம்.மைப் பாக்க வர்றியா?"

4

அப்படியாக மார்கழி முழுவதும் சனிக்கிழமைகள் போயின. பாவை நோன்புக்கு விடிகாலையில் எழுந்த பழக்கம் இதற்குத்தான் உதவியது. நான் தேறிக்கொண்டு வந்தேன். இருமலை முழுங்கக் கற்றேன். கால் மரத்தால் கட்டைவிரலை மட்டும் அசைக்கக் கற்றேன். ஒரு தடவை பையில் தட்டுவடை கொண்டுபோனதைத் தவிரப் பெரிய குற்றம் எதுவும் செய்யவில்லை. அதைக் கடிக்கக்கூட இல்லை, பொட்டலத்தைப் பிரித்ததோடு சரி, ஹெச்.எம். வயலின் அந்தக் கோடியிலிருந்தே திரும்பிப் போனது.

முன்பெல்லாம் என் மகளோடு இருக்கும் நேரத்தில் நான் பேசுவேன், அவள் போனைப் பார்ப்பாள். இங்கே போன் இல்லை, பேச்சும் இல்லை. தோளோடு தோள் இடிக்க மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம். அவள் நகம் கடிப்பதை விட்டிருக்கிறாள் என்று கவனித்தேன். மோதிர விரலில் வெளுத்த வளையம் மறைந்திருந்தது.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் பனியும் மழையும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. அணில்கூட இல்லை. வெகுநேரம் கழித்து அவள் கிசுகிசுத்தாள்.

"அம்மா, நீ ஏன் இப்பல்லாம் கேக்கறதில்ல?"

"கேட்டா எந்திரிச்சுப் போயிருவீல்ல."

கூடாரத் துணிமேல் மழை விழுகிற சத்தம். அவள் தமிழிலேயே ஆரம்பித்தாள். கிசுகிசுக்கும்போது அவளுக்குத் தமிழ்தான் வருகிறது.

"கார்த்திக் நல்லவன்தான்மா. அவன் அப்பா அம்மா வந்தாங்கல்ல, ஜூன்ல. என் அபார்ட்மென்டுக்கு லஞ்சுக்கு. அதுக்கு முன்னாடி அவன் சொன்னான், வில்லை ஃப்ரெண்டு வீட்ல வெச்சிருன்னு. அவங்க சுத்த சைவம். ஃப்ரீசரைக் காலி பண்ணு, கழுவுன்னான். சரின்னு பண்ணிட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னான். நாலு நாள் இந்த ஊர்லயே இருந்தாங்க. நான் என்ன சாப்பிட்டேன், சனிக்கிழமை எங்க போனேன், இந்தக் காயம் எப்படி, எல்லாத்துக்கும் பதில் முன்னாடியே யோசிச்சு வெச்சேன். அவங்க போனப்புறம் நான் தூங்கினேம்மா, ரெண்டு நாள். அப்படி டயர்டு. லைஃப் முழுக்க இப்படியான்னு..."

எனக்கு வாய்வரை வந்துவிட்டது: 'இவ்வளவுதானா? இதுக்குப் போயா ஒரு கல்யாணத்தை நிறுத்துனே?' மண்டபம், புடவை, ஊர்ப்பேச்சு, தங்கமான பையன், எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றன. வாயைத் திறந்தேன்.

யாழினியின் கை என் முழங்காலை அழுத்தியது.

ஹெச்.எம்.

மழைக்குள்ளிருந்து, சத்தமே இல்லாமல், அத்தனை நாளில் வராத பக்கத்தில். இடையில் ஒரு பெரிய ஓக் மரம் இருந்ததால் அம்புக்கு வழியில்லை. ஆனால் மரத்துக்கு இந்தப் பக்கம் நீண்டிருந்த முகம் எங்களையே பார்த்தது. காதுகள் இரண்டும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. வாயை மூடக்கூட எனக்கு அனுமதியில்லை. திறந்த வாய் திறந்தபடி இருந்தேன்.

அது போவதாகவே இல்லை. அந்த நேரம் முழுவதும் எனக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை.

தாராபுரத்தில் நான் பள்ளிக்கூடப் பூப்பந்து டீமில் இருந்தேன். மாவட்ட அளவில் ஆடியிருக்கிறேன். இடது கை ஆட்டக்காரி, என் அடி எங்கே விழும் என்று எதிராளிக்குத் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று எங்கள் பெரியம்மா கப்புகளை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். "கேட்டா தையல் தெரியும்னு சொல்லு தாயி" என்றார். சொன்னேன். எனக்குத் தையல் தெரியாது. கல்யாணமாகி இங்கே வந்து பல வருஷம் கழித்து, தங்கை அனுப்பிய பழைய டீம் போட்டோ ஒன்றை என் கணவர் பார்த்தார். "இது நீயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, கொஞ்சம் வருத்தமாகவே, "சொல்லியிருந்தீன்னா நானும் கூட ஆட வந்திருப்பனே" என்றார். நான் ஆடுவதை அவர் வீட்டில் யாரும் தப்பாக நினைத்திருக்கவே மாட்டார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டிருந்தது.

பெரியம்மாவை நான் குறை சொல்லவில்லை. கார்த்திக்கையும்தான். எல்லாரும் நல்லதற்குத்தான் சொல்கிறார்கள்.

மான் ஒரு தடவை மட்டும் காலை உதைத்துவிட்டு, வந்த வழியே போனது. நான் வாயை மூடினேன். சொல்ல வந்த வாக்கியம் அங்கே இல்லை.

"என்னமோ சொல்ல வந்தியே?" என்றாள் யாழினி.

"வில்லுக்கு ஒறை ஒண்ணு வாங்கோணும் கண்ணு. மழையில நனையுது" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்தாள்.

5

தை பிறந்து முதல் சனிக்கிழமை. தரையெல்லாம் உறைந்து, காலடி வைத்தால் அப்பளம்போல நொறுங்குகிற பனி. தீனி குறைந்த காலம் என்பதால் மான்கள் பகலிலேயே வயலுக்கு வரும், சீசன் முடியப் போகிறது, இன்றைக்கு இல்லாவிட்டால் இந்த வருஷம் இல்லை என்று யாழினி சொல்லியிருந்தாள்.

ஹெச்.எம். அன்று குட்டிகளை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வந்தது. நின்றது. முகர்ந்தது. தின்பதுபோல நடித்தது, இரண்டு முறை. மூன்றாம் முறை நிஜமாகவே குனிந்து உதிர்ந்த சோயாவை மென்றது. பக்கவாட்டில், மரமில்லாத வெளியில், பந்திக்கூடத்தின் அகலத்துக்குள்.

யாழினி நாணை இழுத்தாள். அவ்வளவு மெதுவாக ஒருவரால் அவ்வளவு பலமாக இழுக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. அவள் மூச்சு நின்றது. என் மூச்சும். அந்த மான் சாக வேண்டாம் என்றும், என் மகளின் அம்பு தவறக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியாக இருந்தாலும் குழம்பியிருக்கும். இரண்டில் எது உரக்க இருந்தது என்று கேட்டால், மகள் பக்கம்தான்.

நாண் அதிர்ந்தது. அந்தச் சத்தம் அம்பைவிட முந்திப் போய்விடுகிறது. ஹெச்.எம். ஓடவில்லை, தாவவில்லை, நின்ற இடத்திலேயே வயிறு தரையைத் தொடுகிறாற்போல ஒரே கணம் தாழ்ந்தது. அம்பு அதன் முதுகுக்கு மேலே காற்றில் போய் பனியில் குத்தி நின்றது. அடுத்த கணம் அந்தத் தாழ்வே பாய்ச்சலாகி, வால் உயர்ந்து, மூன்றும் காட்டுக்குள் போய்விட்டன. கொஞ்ச தூரம் போய் நின்று அது சீறியது. இன்னும் கொஞ்சம் போய் மறுபடியும். வைது தீரவில்லை போலிருந்தது.

நான் யாழினியைப் பார்க்கப் பயந்தேன். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமாக, காடு கேட்க, ஆடியிலிருந்து நான் கேட்காத சிரிப்பு.

"அது குனிஞ்சிருச்சும்மா! பாத்தியா? அப்படியே குனிஞ்சிருச்சு!"

அம்பைத் தேடி எடுத்தோம். ஒரு துளி ரத்தம் இல்லை, ஒரு மயிர் இல்லை; எங்கும் அடிபட்டிருக்கவில்லை என்று தடம் பார்த்து நிச்சயம் செய்துகொண்டாள். கூடாரத்தை மடக்கும்போது அவள் மதிய வேலைகள், மேலாளர், பக்கத்து ஃப்ளாட் நாய் என்று பேசிக்கொண்டே வந்தாள். மீட்டிங் ஒன்றுமில்லையாம்.

6

எங்கள் பக்கத்துப் பொங்கல் விழா எப்போதுமே பொங்கலுக்குப் பிறகுதான் வரும்; பள்ளிக்கூட ஹால் எப்போது கிடைக்கிறதோ அப்போதுதான் சூரியன் வடக்கே திரும்பும். யாழினி இந்த வருஷம் வரமாட்டாள் என்று நினைத்தேன். எல்லாரும் கேட்பார்களே. புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

சாப்பாட்டு வரிசையில் என் சிநேகிதி வசந்தி என் கையைப் பிடித்தாள். நல்லவள், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வரன் பார்க்கிறவள்.

"நடந்தது நடந்துபோச்சுங்க அக்கா. டெக்சாஸ்ல ரிச்சர்ட்சன் பக்கம் ஒரு பையன் இருக்கான், நம்ம பக்கத்துக்காரங்க. யாழினியப் பத்தி நாலு வரி அனுப்பச் சொன்னாங்க. படிப்பு, வேலை எல்லாம் எனக்கே தெரியும். லீவு நாள்ல என்ன பண்றான்னு கேக்கறாங்க. பாட்டு, டான்ஸ்னு ஏதாச்சும் போடட்டுங்களா?"

"மான் வேட்டைக்குப் போறா" என்றேன்.

வரிசையில் முன்னாலும் பின்னாலும் கரண்டிகள் நின்றன. வசந்தி குரலைத் தாழ்த்தினாள்.

"ஆர்ச்சரின்னு போட்டுக்கலாங்க அக்கா. அது டீசன்ட்டா இருக்கும். மத்ததை அப்புறம் மெதுவா..."

"வேண்டாம் வசந்தி. வேட்டைன்னே போடு. அம்மாளும் கூடப் போறாங்கன்னு சேத்துப் போடு. படிச்சுட்டும் பேசணும்னு தோணுச்சுன்னா அவங்க பேசட்டும். அதுவும் அவ சரின்னு சொன்னாத்தான்."

சொல்லிவிட்டுத் திரும்பினால் யாழினி எனக்குப் பின்னால் தட்டோடு நிற்கிறாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. என் தட்டிலிருந்து வடையை எடுத்து ஒரு கடி கடித்தாள்.

வசந்தி சமாளித்துக்கொண்டு, "அப்படியா கண்ணு? இந்த வருஷம் எத்தனை மான் அடிச்சே?" என்று கேட்டாள்.

இந்த நாட்டில் பிறந்து, பெரியவர்கள் கேட்கிற தமிழ்க் கேள்விக்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்லியே வளர்ந்த என் மகள், வரிசை முழுவதற்கும் கேட்கும்படி, நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னாள்:

"ஒண்ணுகூட இல்ல ஆன்ட்டி. எங்கம்மாவக் கூட்டிட்டுப் போறேன்ல."